தும்பியன் நொண்டப் பழகியது

முரசுமோட்டைச் சந்தியில் தண்ணீர்ப் பம்பியும் மருந்தடிக்கிற மெசினும் திருத்துகிற ஜெயந்தனை, அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் யாரும் ஜெயந்தன் என்று கூப்பிடுவதில்லை. தும்பியன் என்றுதான் கூப்பிடுவார்கள். நாளடைவில் பெரியவர்களுக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது. "தும்பியன், பம்பி தண்ணி இழுக்குதில்லை, ஒருக்கா வந்து பாருங்கோ" என்று வயற்காரர்கள் கடை வாசலில் நின்று மிக மரியாதையாகக் கேட்பார்கள்.

இந்தப் பெயரை அவனுக்குக் கொடுத்தது கிளிநொச்சியில் இருந்த சுகாதார விழிப்புணர்வுத் திரை மையம். டெங்கை ஒழிப்பதற்காக அந்த மையம் குறும்படங்கள் எடுத்துவந்தது. டெங்கைப் பரப்புகிற நுளம்பைத் தும்பி தின்னும் என்பதால் அந்தப் படங்களின் வீரன் தும்பியன். பச்சை உடுப்பு, சைக்கிள் கம்பியை வளைத்துக் கண்ணாடிப் பொலித்தீன் ஒட்டிய செட்டைகள், தலையில் இரண்டு பெரிய கண்கள். அவன் பறக்கவேண்டிய நேரங்களில் ஜேசிபியின் கையில் கயிறு கட்டித் தூக்கினார்கள். எதிரி நுளம்பாசுரனாக வந்தவன் சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் ராசு. மண்ணெண்ணெய் ஊற்றுகிற புனலை மூக்கில் கட்டிக்கொண்டு அவன் வருவான். ஒவ்வொரு படத்தின் முடிவிலும் எதற்குள்ளாவது தலைகீழாக விழுவான். ஒரு படத்தில் சாணிக் கும்பிக்குள் விழுந்தான். அது உண்மையான சாணி. பிள்ளைகள் அந்தப் படத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

மாரி தொடங்குவதற்கு முன் மையத்தின் வான் வண்டியில் ஏறி, தண்ணீரூற்றில் இருந்து புளியங்குளம் வரைக்கும் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகத் தும்பியன் போவான். படம் முடிந்ததும் "எங்கை ஒளிச்சிருக்கிறான் அசுரன்?" என்று ஒரு சத்தம் போடுவான். பிள்ளைகள் கத்திக்கொண்டு வளவுக்குள் ஓடி, கண்ட சிரட்டை, ரயர், யோகட் கோப்பை எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டு வருவார்கள். பிறகு வீட்டுக்குப் போய் அங்கேயும் கவிழ்ப்பார்கள். குடிக்க வைத்த தண்ணீரையும் கவிழ்த்துவிட்டதாகச் சில தாய்மார் முறைப்பாடு சொன்னதுண்டு. டெங்கு வந்தது என்று மட்டும் அந்த ஊர்களில் அதிகம் கேள்விப்படவில்லை.

இப்படி இருக்கையில் மையத்தின் பணிப்பாளர் தவராசா வெளிநாட்டு மாநாடு ஒன்றுக்குப் போய்வந்தார். வந்தவுடன் கூட்டம் வைத்தார். படத்தை ரீபூட் பண்ணப் போகிறார்கள், உடனே வரவும் என்று ஜெயந்தனுக்கும் ராசுவுக்கும் செய்தி வந்தது.

"புதுச் சப்பாத்துத் தரப்போறாங்கள் போல" என்றான் ராசு, பஸ்ஸில் போகும்போது.

மையத்தின் கூட்ட அறையில் குளிரூட்டி பலமாக ஓடியது. நீள மேசையைச் சுற்றி ஒரு குழு இருந்தது. பணிப்பாளர் எழுந்து நின்று பேசினார். அவர் நாலு பேர் இருந்தாலும் மேடைப் பேச்சுத்தான் பேசுவார்.

"எங்களுடைய படங்களை அந்த மாநாட்டில் போட்டுக் காட்டினேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது."

"சிரிக்கத்தானே சேர் எடுத்தது" என்றான் ராசு.

"அதுதான் பிரச்சினை. இன்றைக்கு உலகத்தில் எந்த வீரனும் சிரிப்பதில்லை. பறக்கிறவன், தாவுகிறவன், முகமூடி போட்டவன், எல்லோரையும் திரும்ப முதலில் இருந்து தொடங்கிவிட்டார்கள். இருட்டாக, யதார்த்தமாக. அதற்குப் பெயர் மீள்தொடக்கம். மற்ற இடத்துக்காரர்களே இருட்டாக எடுக்கும்போது, வன்னியில் இருந்துகொண்டு நாங்கள் வெளிச்சமாக எடுத்தால் எங்களை யார் நம்புவார்கள்? வன்னி என்றால் அவர்கள் எதிர்பார்க்கிற ஒன்று இருக்கிறது. அதைக் கொடுப்பது எங்களுடைய கடமை."

குழு தலையாட்டியது. அதன்பிறகு பணிப்பாளர் யதார்த்த ஆலோசகரை அறிமுகப்படுத்தினார். பெயர் சுமித்திரா. கொழும்பில் பிறந்து வெளிநாட்டில் படித்தவர். வன்னிக்கு வருவது இதுவே முதல் தடவை. ஆனால் வன்னியைப் பற்றி ஒரு ஆய்வு எழுதிப் பட்டம் பெற்றிருந்தார்.

"முதலாவது, நுளம்பாசுரன் இல்லை" என்றார் சுமித்திரா. "எதிரி வெளியில் இருப்பது மிகப் பழைய முறை. நுளம்பு என்பது தும்பியனுக்கு உள்ளே இருக்கிற இருட்டு."

ராசு கையை உயர்த்தினான். "அப்ப எனக்கு வேலை இல்லையோ மிஸ்?"

"நீங்கள் இருக்கிறீர்கள். ஆனால் படத்தில் தெரியமாட்டீர்கள்."

ராசு கையை இறக்கினான். டெங்குப் படத்தில் நுளம்பு இல்லாமல் எப்படி என்று கேட்க ஜெயந்தன் வாயெடுத்தான். அதற்குள் சுமித்திரா அவனைத் திரும்பிப் பார்த்தார்.

"தும்பியனுக்கு ஒரு காயம் வேண்டும். யுத்தம் தந்த காயம். கால் ஒன்று இல்லாமல் இருந்தால் நல்லது. கணினியில் அழிக்கலாமா, செலவு எப்படி என்று பார்க்கவேண்டும்."

"எனக்கு ஒரு கால்தான் மிஸ்" என்றான் ஜெயந்தன். காற்சட்டையைச் சுருட்டி, முழங்காலுக்குக் கீழே பூட்டியிருந்த செயற்கைக் காலைக் காட்டினான்.

இத்தனை படங்களில் அவனைக் கயிற்றில் கட்டித் தூக்கியவர்களுக்கு அது தெரியும். மேசைக்காரர்களுக்குத் தெரியாது. அவன் மறைக்க நினைத்து மறைத்ததில்லை. பச்சை உடுப்பு கணுக்கால் வரைக்கும் இருந்தது, அவ்வளவுதான்.

சுமித்திராவின் முகம் மலர்ந்தது. "எப்படிப் போனது?"

"மீளக்குடியமர்ந்து வந்த புதுசு. காணி துப்புரவாக்கினனான். மிதிவெடி."

"அப்போது எதிரில் யார் நின்றார்கள்?"

"ஒருத்தரும் நிக்கேல்லை. புல்லுச் செருக்கினனான்."

குழு தங்களுக்குள் கலந்து பேசியது. புல்லுச் செருக்குவது போதிய அளவு இருட்டாக இல்லை என்று அபிப்பிராயம் வந்தது. அந்த மிதிவெடியை யார் தாட்டது என்ற பக்கத்தால் போனால் கதை இறுகும் என்று ஒருவர் சொன்னார். பணிப்பாளர் உடனே கையமர்த்தினார்.

"அந்தப் பக்கம் போகவேண்டாம். எங்களுக்கு இருட்டு வேண்டும். இருட்டுக்கு யார் காரணம் என்பது வேண்டாம். அதற்கு எங்களுக்கு அனுமதி இல்லை."

பிறகு ஜெயந்தனை நடந்து காட்டச் சொன்னார்கள். கதவடியில் இருந்து ஜன்னலடி மட்டும் போய்த் திரும்பி வந்தான். காலை இழந்தபின் பயிற்சி நிலையத்தில் இரண்டு கம்பிகளுக்கு நடுவில் விழுந்து விழுந்து பழகிய நடை அது. எந்தக் கால் என்னுடையது என்று சொல்லுங்கோ பாப்பம் என்று கடைக்கு வருகிறவர்களோடு பந்தயம் பிடித்து வென்றிருக்கிறான்.

"நன்றாக நடக்கிறீர்கள்" என்றார் சுமித்திரா. குரலில் ஏமாற்றம் இருந்தது. "இப்படி நடந்தால் கால் இல்லை என்று யாருமே நம்பமாட்டார்கள். பரவாயில்லை, பழக்கி எடுக்கலாம்."

மறுநாளில் இருந்து ஜெயந்தனுக்கு நொண்டுவதற்குப் பயிற்சி தொடங்கியது. சுமித்திரா தன்னுடைய இரண்டு காலாலும் நொண்டிக் காட்டுவார். அவன் பார்த்துச் செய்வான்.

"இன்னும் கொஞ்சம் வலிக்கவேண்டும்."

"வலிக்குதில்லையே மிஸ்."

"அதைத்தான் நம்ப முடியவில்லை."

செயற்கைக் காலுக்குள் போடுகிற மெத்தைக் காலுறையைக் கழற்றிவிட்டு நடந்தால் இயல்பாக வரும் என்று அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். அது வேலை செய்தது. பின்னேரம் ஜெயந்தன் படலையைத் திறந்துகொண்டு வீட்டுக்கு வந்தபோது, மனைவி தாட்சாயினி குசினிக்குள் இருந்து ஓடிவந்தாள்.

"என்னப்பா? எங்கை விழுந்தனீங்கள்?"

"விழேல்லை. படிச்சிட்டு வாறன்."

விசயத்தைக் கேட்டுவிட்டு அவள் வாசற்படியிலேயே இருந்துவிட்டாள். "நீங்கள் நேர நடக்க வேணுமெண்டு எவ்வளவு பாடுபட்டனாங்கள். இப்ப வளைஞ்சு நடக்கிறதுக்கும் படிப்போ? வேண்டாமெண்டு சொல்லிப்போட்டு வாங்கோ."

அவனால் அப்படிச் சொல்ல முடியாமல் இருந்தது. பழைய தும்பியன் இனி வெளியில் தலைகாட்டக்கூடாது, சனம் குழம்பிப்போகும் என்று மையம் தடை போட்டிருந்தது. பச்சை உடுப்பையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஆனால் புதுப்படத்தை மாரிக்கு முன் முடித்துவிடுவோம், உடனேயே பள்ளிக்கூடங்களுக்குப் போகலாம் என்று பணிப்பாளர் வாக்குக் கொடுத்திருந்தார். கொஞ்ச நாள் நொண்டினால் மழைக்கு முதல் பிள்ளைகளிடம் போய்விடலாம் என்று ஜெயந்தன் கணக்குப் போட்டான். மூன்றாம் வகுப்புப் படிக்கிற மகள் யதுர்ஷிகாவுக்கும் அவளுடைய வகுப்பில் உள்ளவர்களுக்கும் அவன் அதைச் சொல்லியும் விட்டான்.

அடுத்த சிக்கல், இடிந்த வீடு. தும்பியன் இடிந்த வீட்டில்தான் தனிமையில் வாழவேண்டும். குழு வாகனம் பிடித்துப் புளியங்குளத்தில் இருந்து முல்லைத்தீவு மட்டும் தேடியது. இடிந்தவற்றைச் சனம் கட்டிவிட்டது. கட்டாதவற்றைக் காடு மூடிவிட்டது. அழகாக இடிந்து கிடந்த இரண்டு வீடுகள், போக அனுமதியில்லாத காணிகளுக்குள் இருந்தன. ஜெயந்தனுடைய வீடு வீட்டுத்திட்டத்தில் கட்டி நீலப் பூச்சு அடித்த வீடு. அதை ஒரு பக்கம் மட்டும் உடைக்கலாமா என்று குழுவில் ஒருவர் கேட்டார். தாட்சாயினி அவரைப் பார்த்த பார்வையில் அவர் அந்த யோசனையை மீளப் பெற்றுக்கொண்டார். கடைசியில் அவனுடைய வளவின் பின்பக்கத்தில் இடிந்த வீடு ஒன்றைப் புதிதாகக் கட்டுவதென்று தீர்மானம் நிறைவேறியது.

கட்ட வந்த மேசன் மிகவும் கஷ்டப்பட்டார். "உடைஞ்ச சுவர் கட்டி எனக்குப் பழக்கமில்லை" என்று முதலே சொன்னார். அவர் கட்டியதெல்லாம் நேராக வந்தது. கட்டிவிட்டு உடைத்தார்கள். உடைத்தது வடிவாக இல்லை என்று திரும்பக் கட்டினார்கள். ஷெல் விழுந்த ஓட்டை எங்கே வரவேண்டும் என்று வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்த அயலவர்களும் அபிப்பிராயம் சொன்னார்கள். எல்லோருக்கும் அதில் அனுபவம் இருந்தது. அதற்குப் பிறகு சுற்றிவரப் பதுங்குகுழிகள் வெட்டினார்கள். ஆழமும் வளைவும் பனங்குற்றி அடுக்கும் எல்லாம் சரியாக வந்தன.

பக்கத்துக் காணி விமலேஸ்வரி அக்கா அதைப் பார்க்க வந்தா. கடைசியாக வெட்டிய குழிக்குக் கிட்டப் போய்க் குனிந்து உள்ளே பார்த்தா. உடனே திரும்பிப் போய்விட்டா. அன்றைக்குப் பிறகு அவா அந்தப் பாதையால் வரவில்லை. கடைக்குப் போவதற்கும் வாய்க்கால் கரையால் சுற்றிப் போனா.

படப்பிடிப்பு தொடங்கவேண்டிய நாளில் வெயில் எறித்தது. சுமித்திரா வானத்தைப் பார்த்துவிட்டு, இந்த வெளிச்சம் வன்னியின் உண்மையான வெளிச்சம் இல்லை என்று சொல்லிவிட்டார். அடுத்த நாளும் வெயில். கோழிகள் இடிந்த வீட்டுக்குள் முட்டையிடத் தொடங்கின. முகில் வரட்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். முகில் வந்தபோது மழையும் சேர்ந்து வந்தது. கமரா நனைந்துவிடும் என்று பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். மழை விட்டால் வெயில், வெயில் போனால் மழை. இப்படியே மாரி வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டது. ஜெயந்தன் பள்ளிக்கூடம் ஒன்றுக்கும் போகவில்லை.

பதுங்குகுழிகளில் தண்ணீர் நின்றது. ஒரு காலையில் ஜெயந்தன் குனிந்து பார்த்தான். தண்ணீரின் மேல்மட்டத்தில் நுளம்புக் குடம்பிகள் துடித்துத் துடித்து நெளிந்தன. ஒரு குழியில் இல்லை, எல்லாக் குழியிலும். உடனே கிளிநொச்சிக்குப் போய்ப் பணிப்பாளரைச் சந்தித்தான்.

"சேர், கிடங்கு முழுக்க நுளம்பு. மூடவேணும். இல்லாட்டி எண்ணெயாவது ஊத்தவேணும்."

"தண்ணீர் மிக நன்றாக வந்திருக்கிறது என்று சுமித்திரா சொன்னார்" என்றார் பணிப்பாளர். "தும்பியன் அந்தத் தண்ணீரில் தன் முகத்தைப் பார்க்கிற காட்சி ஒன்று இருக்கிறது. எண்ணெய் ஊற்றினால் முகம் எப்படித் தெரியும்?"

"சேர், நாங்கள் டெங்குக்குத்தானே படம் எடுக்கிறம்?"

பணிப்பாளர் அவனைப் பரிவோடு பார்த்தார். "ஜெயந்தன், அது பழைய படம். இது டெங்கைத் தாண்டிய படம். உங்களுடைய கவலையை அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன். குழு விரும்பினால் ஒரு உபகுழு அமைக்கலாம்."

அவன் வீட்டுக்கு வந்து மண்வெட்டியை எடுத்தான். மையம் காவலுக்கு வைத்திருந்த பழனியாண்டி, புளியங்குளத்துக்காரர், வயதானவர், ஓடிவந்து குழிக்கு முன்னால் நின்றார்.

"தம்பி, தொட்டிராதீங்க. ஒரு பிடி மண்ணு விழுந்தாலும் என் வேலை போயிரும்னு எழுதி வாங்கியிருக்காங்க. இந்த வயசுல எனக்கு வேற யாரு வேலை குடுப்பா?"

ஜெயந்தன் மண்வெட்டியைக் கொண்டுபோய்ச் சாத்திவிட்டான். அதற்கடுத்த கிழமை பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மோட்டார் சைக்கிளில் வந்தார். வளவைச் சுற்றிப் பார்த்தார். 'டெங்கற்ற வன்னி' என்று மையம் கட்டியிருந்த பதாகைக்குக் கீழே நின்று, காணி யாருடையது என்று கேட்டார். நுளம்பு பெருகவிட்டதற்கான சிவப்பு அறிவித்தலைக் காணிக்காரனுக்குத்தான் கொடுக்கமுடியும், படக்காரருக்குக் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்றார். அதைக் கையில் கொடுத்தபோதுதான் முகத்தைச் சரியாகப் பார்த்தார்.

"நீங்கள் தும்பியன் அல்லோ?"

"ஓம்."

"என்ர பிள்ளையள் உங்களைப் பாத்துத்தான் வீட்டில சிரட்டை கவிழ்க்கிறவை. உங்கட வளவையே இப்பிடி வைச்சிருக்கிறியளே."

ஜெயந்தனிடம் சொல்வதற்குப் பதில் இருந்தது. அது நீளமான பதில். பரிசோதகர் அதற்குள் மோட்டார் சைக்கிளை உதைத்துவிட்டார்.

யதுர்ஷிகாவுக்குக் காய்ச்சல் வந்தது அதற்குப் பிறகுதான். முதலில் தடிமன் காய்ச்சல் என்று நினைத்துக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார்கள். காய்ச்சல் விட்டதுபோல் இருந்து திரும்ப எறித்தது. ஒரு மத்தியானம் பிள்ளை கண்ணுக்குப் பின்னால் குத்துகிறது என்று அழுதாள். சத்தி எடுத்தாள். கையில் சிவப்புப் புள்ளிகள் போட்டிருந்தன. தாட்சாயினி அந்தக் கையைப் பிடித்து ஜெயந்தனுக்குக் காட்டினாள். அவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டான். மழை பெய்து ஒழுங்கை சேறாகியிருந்ததால் ஓட்டோ உள்ளே வரவில்லை. தெரு வரைக்கும் தூக்கிக்கொண்டுதான் போகவேண்டும்.

காலுறை இல்லாமல் கிழமைக்கணக்காக நடந்ததில் செயற்கைக் கால் பூட்டுகிற இடம் புண்ணாகி, அன்றைக்குக் காலையில் இருந்து சீழ் வைத்திருந்தது. ஒவ்வொரு அடிக்கும் இடுப்பு ஒரு பக்கம் சரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சேற்றுக்குள் காலை இழுத்து இழுத்து அவன் போனான். தாட்சாயினி பின்னால் குடை பிடித்துக்கொண்டு ஓடினாள். அன்றைக்குத்தான் வானம் சுமித்திரா கேட்டபடி இருண்டிருந்தது. இடிந்த வீட்டடியில் கமரா பூட்டி எல்லோரும் ஆயத்தமாக நின்றார்கள்.

"இதுதான்!" என்று சுமித்திரா கத்தியது அவனுக்குக் கேட்டது. "கடவுளே, இதுதான் அந்த நடை! எடுங்கள், எடுங்கள். ஜெயந்தன், திரும்பிப் பார்க்காதீர்கள். அப்படியே போங்கள்!"

அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

மாவட்ட வைத்தியசாலையில் பிள்ளையைக் கட்டிலில் போட்டுச் சேலைன் ஏற்றினார்கள். இரத்தச் சிறுதட்டுகளின் எண்ணிக்கை இறங்கிக்கொண்டு போகிறது, இரண்டு நாள் தாண்டவேண்டும் என்று டொக்டர் சொன்னார். பக்கத்துக் கட்டில்களிலும் பிள்ளைகள். அதில் மூன்று பேர் முரசுமோட்டைப் பிள்ளைகள். ஒருத்தி யதுர்ஷிகாவின் வகுப்பு. அவளுடைய தாய் ஜெயந்தனைக் கண்டதும் எழுந்து, கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு முதுகு காட்டி இருந்தாள்.

பின்னேரம் சுமித்திரா தொலைபேசி எடுத்தார். "பிள்ளைக்கு எப்படி?" என்று கேட்டார். குரலில் உண்மையான கவலை இருந்தது. அவன் சொன்னான். "நான் பிரார்த்திக்கிறேன்" என்றார். பிறகு, "அந்த நடையை மட்டும் மறந்துவிடாதீர்கள். கிட்டத்தில் வைத்து இன்னொரு தடவை எடுக்கவேண்டும்" என்றார்.

ஜெயந்தன் தொலைபேசியை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டான். தாட்சாயினியிடம், "பிள்ளையைப் பார். விடிய ஒருக்கா வீட்டை போட்டு வாறன்" என்றான்.

காலையில் அவன் செயற்கைக் காலைக் கழற்றி வைத்துவிட்டு, குழி ஓரத்தில் இருந்தபடி மண்வெட்டியால் மண்ணை இழுத்துத் தள்ளத் தொடங்கினான். பழனியாண்டி வந்தார். அவனைப் பார்த்தார். குழியைப் பார்த்தார். மருத்துவமனையில் என்ன நிலைமை என்று கேட்டார். பிறகு காவற்காரத் தொப்பியைக் கழற்றி வேலிக் கதியாலில் கொழுவிவிட்டு, "நகருங்க தம்பி" என்று மண்வெட்டியை வாங்கினார். கொஞ்ச நேரத்தில் விமலேஸ்வரி அக்கா தன்னுடைய மண்வெட்டியோடு வந்தா. இத்தனை நாளும் வராத பாதையால்தான் வந்தா. யாரோடும் கதைக்காமல், தான் அன்றைக்குக் குனிந்து பார்த்த குழிக்கு நேரே போய் மண் போடத் தொடங்கினா. ராசு கடையைப் பூட்டிவிட்டு வந்தான். மற்றப் பிள்ளைகளின் வீட்டுக்காரர்களும் வந்தார்கள். யதார்த்தமாக உடைக்கப்பட்டிருந்த சுவரை மேசனே வந்து ஒரேயடியாகச் சாய்த்து, கற்களைக் குழிக்குள் தள்ளினார். அவருக்கு அதில் மனநிறைவு இருந்ததுபோல் தெரிந்தது.

பாதி வேலை முடிந்தபோது வெள்ளை வாகனங்கள் வந்து நின்றன. படத்துக்குப் பணம் கொடுக்கிற வெளிநாட்டு விருந்தினர்கள் பார்வையிட வந்திருந்தார்கள். முன்னால் பணிப்பாளர், பின்னால் கமரா. குழிகள் மூடப்படுவதைக் கண்ட பணிப்பாளரின் முகம் ஒரு நொடி வெளிறியது. ஒரு நொடிதான். உடனே கையை விரித்து ஆங்கிலத்திலும், சனத்துக்காகத் தமிழிலும் பேசத் தொடங்கினார்.

"இதுதான் எங்களுடைய சமூகப் பங்கேற்புக் கூறு. மக்களைத் தட்டி எழுப்பினோம். எழுந்துவிட்டார்கள். பாருங்கள், நாங்கள் கேட்காமலே செய்கிறார்கள்!"

விருந்தினர்களில் ஒரு அம்மையார் ஜெயந்தனுக்குக் கிட்ட வந்து குனிந்து ஏதோ கேட்டார். மனதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார் என்றார் பணிப்பாளர்.

"என்ர பிள்ளைக்கு டெங்கு. இஞ்ச இன்னும் மூண்டு பிள்ளையளுக்கு. இந்தக் கிடங்கில இருந்துதான் வந்தது. மூடுங்கோ மூடுங்கோ எண்டு சொன்னனான். இவர் மூட விடேல்லை" என்றான் ஜெயந்தன்.

பணிப்பாளர் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அம்மையாரின் கண் கலங்கியது. நெஞ்சில் கை வைத்து, ஜெயந்தனுடைய சேற்றுக் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். விருந்தினரோடு வந்த சாரதி கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்தவர். என்ன சொன்னவர் என்று ராசு அவரைப் பிடித்துக் கேட்டான்.

"தன்ர நிலத்தின்ர காயங்களைத் தானே மூடுறாராம். உங்கட உதவிக்கு நன்றியாம்" என்றார் சாரதி.

அன்றைக்கு எடுத்த காட்சி படத்தில் வரவில்லை. சனம் தாங்களாகவே கூடி, யாரிடமும் அனுமதி கேட்காமல், ஒரே பகலில் ஒரு வேலையை முடிப்பது நம்பும்படியாக இல்லை என்று குழு அதை வெட்டிவிட்டது.

யதுர்ஷிகா தப்பினாள். கட்டிலில் இருந்து இறங்கியபோது, நடக்கத் தெரியாத குழந்தைபோல் தாயின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய வகுப்புப் பிள்ளையும் ஊருக்குத் திரும்பி வந்தாள். மற்ற இரண்டு பேரில் ஒருவர் சுகமாகி வந்தார், மற்றவரை யாழ்ப்பாண வைத்தியசாலைக்கு ஏற்றினார்கள். அந்தப் பிள்ளைக்கு இன்னும் முழுக்கச் சுகமில்லை. மாதக்கணக்கில் தாய் கூடவே இருக்கிறாள். அந்த வீட்டுப் பம்பியை ஜெயந்தன் கேட்காமலே போய்த் திருத்திக் கொடுத்தான். வாங்கிக்கொண்டார்கள். தேத்தண்ணி கொடுக்கவில்லை.

ஜெயந்தனுடைய புண் ஆற மாரி முழுக்கச் சென்றது. அதுவரைக்கும் ஊன்றுகோலோடு கடையில் ஒரு மூலையில் இருந்தான். சொத்துக்குச் சேதம் விளைவித்ததாக மையம் அவனை நீக்கிவிட்டது. பழனியாண்டியையும் நீக்கியது. அவர் இப்போது ராசுவின் கடையில் தேத்தண்ணி ஆற்றுகிறார். தும்பியனாக நடிக்கக் கொழும்பில் இருந்து ஒரு நடிகர் வந்தார். அவருக்கு இரண்டு காலும் இருந்தன. மிக நன்றாக நொண்டினார் என்று எல்லோரும் சொன்னார்கள். சேற்றுக்குள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிற முதுகு மட்டும் ஜெயந்தனுடையது. அதற்குக் கொழும்பில் விருது கிடைத்தது. விருது விழாவில் பணிப்பாளர் பேசியது பத்திரிகையில் வந்தது. "யதார்த்தத்துக்காக நாங்கள் கொடுத்த விலை பெரிது" என்று அவர் சொல்லியிருந்தார்.

முரசுமோட்டைச் சந்தியில் படத்தின் சுவரொட்டியை ஒட்டினார்கள். கறுப்பு நிறம். நடுவில் கிழிந்த செட்டை ஒன்று. பெரிய எழுத்தில் 'தும்பியன் இறந்துவிட்டான்' என்று இருந்தது. கீழே சின்ன எழுத்தில், இருள் கூடிய காட்சிகள் இருப்பதால் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டும் என்று இருந்தது. ஊரில் யாரும் அந்தப் படத்தைப் பார்க்கப் போகவில்லை. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் மட்டும் நின்று நின்று பெரிய எழுத்தை வாசித்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த மாரி முகில் கட்டத் தொடங்கியபோது, யதுர்ஷிகாவின் பள்ளிக்கூட அதிபர் பிரஷாந்தினி கடைக்கு வந்தா.

"ஜெயந்தன், பிள்ளையளோட ஒருக்கா வந்து கதைக்கவேணும். வளவெல்லாம் ரயரும் கோப்பையுமாக் கிடக்கு. நாங்கள் சொன்னால் ஒண்டும் அசையுதில்லை."

"உடுப்பு அவையிட்ட, ரீச்சர். அந்தப் பேரும் அவையின்ரயாம். பேரைப் பாவிச்சால் வழக்குப் போடுவினமாம். நான் வந்து என்ன செய்ய?"

"பேரில்லாமல் வாங்கோ."

போவதா விடுவதா என்று அவன் இரண்டு நாள் யோசித்தான். வைத்தியசாலையில் முதுகு காட்டி இருந்த தாயின் பிள்ளையும் அந்த வகுப்பில்தான் இருந்தாள். மூன்றாம் நாள் மெத்தைக் காலுறையைப் போட்டு, காலைப் பூட்டி, வெள்ளைச் சேட்டும் கறுப்புக் காற்சட்டையுமாகப் போனான். வகுப்பறைக்குள் அவன் வந்தபோது ஒருவரும் கத்தவில்லை. யதுர்ஷிகா வாங்கின் நுனியில் இருந்து தகப்பனைப் பார்த்தாள். மற்றப் பிள்ளைகளும் பார்த்தார்கள். செட்டை இல்லாத ஆளோடு என்ன கதைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அவனுக்கும் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

முன்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழுந்து கேட்டாள். "தும்பியன் செத்துப் போட்டாராம். சந்தியில எழுதிக் கிடக்கு. உண்மையோ?"

அதிபர் ஏதோ சொல்ல முன்னால் வந்தா. ஜெயந்தன் வேண்டாம் என்று கை காட்டினான்.

"ஓம் பிள்ளை. செத்துப் போட்டார்."

ஒருவன் அழுவதற்கு ஆயத்தமாக உதட்டைப் பிதுக்கினான்.

"நுளம்பு சாகேல்லை" என்றான் ஜெயந்தன். "வெளியில நிக்குது. எழும்புங்கோ, போவம்."

முதலில் யதுர்ஷிகா எழுந்தாள். அவளுக்குப் பின்னால், காய்ச்சலில் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவள் எழுந்தாள். மற்றவர்கள் வாங்குக்குக் கீழே குனிந்து செருப்பைத் தேடத் தொடங்கினார்கள்.